முன்பக்கம் "டக்" என்கிறதா? லோயர் ஆர்ம் கோளாறை அறிகுறி வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

சிறிய காரில் முன்பக்கம் சத்தம் வந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். முதலில் ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் கார் அதிகம் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் சிறு கம்பி) மாற்றுவார்கள், சத்தம் போகாது. அப்புறம் ஷாக் அப்சார்பர் மாற்றுவார்கள், அப்போதும் போகாது. கடைசியில் சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு பிடித்திருக்கும் லோயர் ஆர்மைக் கழற்றினால் அதன் பின்பக்க புஷ்ஷில் (ஆர்மை வண்டியோடு இணைக்கும் ரப்பர் வளையம்) ரப்பர் கிழிந்து தொங்கிக்கொண்டிருக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. நன்றாக இருந்த இரண்டு ஆர்மையும் மாற்றிய பிறகு, கை விட்டு ஆட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் ஒரு லிங்க்தான் காரணம் என்று தெரியவரும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது சொல்வதை நம்ப முடியாது. காரின் தகடு முழுவதும் சத்தத்தைக் கடத்தும். இடது ஆர்மில் எழும் அடி வலது காலடியில் கேட்கும். ஆனால் சத்தம் எப்போது வருகிறது என்பது பொய் சொல்லாது. பிரேக் போடும்போதா, விடும்போதா, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதா, நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போதா? அந்த நேரத்தில் எந்தப் பாகத்தின் மீது எந்தத் திசையில் விசை விழுகிறது என்று யோசித்தால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி, அதே விசையைக் கையாலோ நெம்புகம்பியாலோ கொடுத்து, அந்த அசைவைக் கண்ணால் பார்ப்பது.

அமைப்பைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம்

முன்சக்கர இழுவை கொண்ட சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை மெக்பர்சன் ஸ்ட்ரட் வகை. மேலே ஸ்பிரிங் சுற்றிய ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரைக் கொண்ட தூண்), கீழே ஒரே ஒரு ஆர்ம். அந்த ஆர்மை மேலிருந்து பார்த்தால் பல கார்களில் 'ட' எழுத்து போல வளைந்திருக்கும். உள்பக்கம் இரண்டு புஷ் வழியாக, பாடியின் அடியில் இருக்கும் சப்ஃபிரேம் என்ற சட்டத்தில் மாட்டியிருக்கும். வெளிப்பக்க நுனியில் ஒரு பால் ஜாயின்ட் (எல்லாப் பக்கமும் திரும்பும் குண்டு மூட்டு), அது சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு இணைந்திருக்கும்.

இரண்டு புஷ்ஷும் ஒரே வேலையைச் செய்வதில்லை. முன் புஷ் சிறியது, கெட்டியானது. வளைவில் திரும்பும்போது வரும் பக்கவாட்டு விசையில் பெரும்பங்கை அதுதான் வாங்கும். பின் புஷ் பெரியது, மென்மையானது. பிரேக் போடும்போதும் பள்ளத்தில் மோதும்போதும் சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படும் விசையை உள்வாங்குவது அதன் வேலை. அதனால்தான் பெரும்பாலும் முதலில் போவது பின் புஷ். சில கார்களில் அதற்குள் திரவம் நிரப்பியிருப்பார்கள். அது கசிய ஆரம்பித்தால் புஷ் முடிந்தது என்று அர்த்தம்.

இன்னொன்று. இந்த அமைப்பில் காரின் எடை ஸ்பிரிங், ஸ்ட்ரட் வழியாக நக்கிளுக்குப் போய்விடும். கீழே இருக்கும் பால் ஜாயின்ட் எடையைத் தாங்குவதில்லை, சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து மட்டுமே வைத்திருக்கும். ஆகவே காரைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் அந்த ஜாயின்டைச் சோதிக்கலாம். ஸ்பிரிங் கீழ் ஆர்ம் மீதே உட்கார்ந்திருக்கும் வேறு வகை வண்டிகளுக்கு இது பொருந்தாது.

சோதனைக்கு முன் ஒரு கண்டிப்பான வார்த்தை. ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காரின் கீழ் தலையையோ கையையோ விடாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பாடியில் குறித்த இடத்தில் ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பிரேக் போட்டால் ஒரு "டக்", விட்டால் இன்னொரு "டக்"

பின் புஷ்ஷின் தெளிவான கையெழுத்து இது. ஒற்றை அடியாக, கனமாக, காலடியில் உணரும்படி வரும். சிக்னலில் நிற்கும் கடைசி நொடியில் ஒருமுறை, ரிவர்ஸ் எடுத்து பிரேக் தொட்டால் மறுபடி ஒருமுறை.

வண்டி நடமாட்டம் இல்லாத ஒரு சமதளத்துக்குப் போங்கள். ஒருவர் ஓட்டட்டும், நீங்கள் பக்கவாட்டில் நாலைந்து அடி தள்ளி நின்று முன்சக்கரத்தைப் பாருங்கள். நடக்கும் வேகத்தில் முன்னே நகர்த்தி சட்டென்று பிரேக், பிறகு ரிவர்ஸில் நகர்த்தி பிரேக். மட்கார்டின் வளைவுக்கும் டயருக்கும் இடையிலுள்ள இடைவெளியில் கண்ணை வையுங்கள். நல்ல புஷ்ஷில் சக்கரம் லேசாகத்தான் அசையும். கிழிந்த புஷ்ஷில் சக்கரம் மொத்தமாக முன்னும் பின்னும் இடம் மாறுவது வெறுங்கண்ணுக்கே தெரியும். இடது, வலது இரண்டையும் பாருங்கள். ஒப்பிடுவதற்கு மறுபக்கத்தைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

இதே மாதிரி அடிப்பவை வேறு இரண்டு உண்டு. ஒன்று, என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் என்ஜின் மவுன்ட். நிறுத்திய காரில் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கியரை முன்னுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றுங்கள். மேனுவல் காராக இருந்தால் கிளட்சைக் கொஞ்சம் மட்டும் விட்டுப் பாருங்கள். சக்கரம் அசையாமலே அடி கேட்டால் மவுன்டைச் சோதியுங்கள். இதைச் செய்யும்போது காரின் முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. மற்றொன்று, காலிபர் (பிரேக் பேடை டிஸ்க் மீது அழுத்தும் பாகம்) பிராக்கெட்டுக்குள் தளர்ந்த பிரேக் பேட். அது "டிக்" என்று மெல்லியதாக, உலோகம் உலோகத்தைத் தட்டுவது போல இருக்கும். புஷ் அடி அதைவிட மந்தமானது.

சந்தேகம் உறுதியானதும் காரைத் தூக்கி, பின் புஷ்ஷுக்குப் பக்கத்தில் ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவே நெம்புகம்பியைக் கொடுத்து முன்னும் பின்னும் நெம்புங்கள். நல்ல டார்ச் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சில புஷ்களில் ரப்பருக்கு நடுவே பிறை வடிவத்தில் இடைவெளி இருக்கும். அது கம்பெனியே விட்ட இடைவெளி, கிழிசல் அல்ல. அதன் விளிம்பு வழவழவென்று, மூலைகள் உருண்டையாக இருக்கும். கிழிசலின் விளிம்போ பிய்த்த ரொட்டி மாதிரி சொரசொரப்பாக இருக்கும். நெம்பும்போது வாய் திறந்து மூடும். ரப்பர் மேல்பரப்பில் முடி போன்ற நுண்ணிய வெடிப்புகள் இருந்தால் அது வயசு மட்டுமே, அதற்காக ஆர்மை மாற்ற வேண்டாம். ரப்பர் உள் குழாயை விட்டுப் பிரிந்திருக்கிறதா, வெடிப்பு ஆழமாக உள்ளே போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

புஷ் எண்ணெயில் ஊறி, பிசுபிசுப்பாக, உப்பியிருந்தால் மேலே பாருங்கள். என்ஜின், கியர்பாக்ஸ், பவர் ஸ்டீயரிங் இவற்றில் எங்கிருந்தோ சொட்டுகிறது. கசிவை நிறுத்தாமல் புது புஷ் போட்டால் அதுவும் ஊறிப் போகும்.

கெட்ட ரோட்டில் மெதுவாகப் போனால் "கட கட கட"

இதற்கு ஆர்ம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் மீது. பிரித்தறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. முழு அகல வேகத்தடையில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறும்போது ஸ்டெபிலைசர் பார் தன் புஷ்களில் சும்மா சுழலும், லிங்க் மீது பெரிய விசை விழாது. ஒரு சக்கரம் மட்டும் மேடேறினால் பார் முறுக்கப்பட்டு லிங்க் இழுபடும். ஆக, வேகத்தடையில் அமைதியாக இருந்து, ஒற்றைச் சக்கரப் பள்ளங்களில் மட்டும் கடகடத்தால் லிங்க், அல்லது பாரைப் பிடித்திருக்கும் புஷ். இரண்டு பக்க லிங்கையும் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு, வளைவில்லாத ஒரு தெருவில் மெதுவாகப் போய்ப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் விஷயம் முடிந்தது. லிங்க் இல்லாமல் வளைவில் கார் அதிகமாகச் சாயும், எனவே சோதனைக்கு மட்டும்தான்.

வேகத்தடையில் இறங்கும்போது மட்டும் "தொப்" என்றால் ஸ்ட்ரட்டையும் அதன் மேல் மவுன்டையும் பாருங்கள்.

பழைய சிறிய கார்கள் சிலவற்றில் லோயர் ஆர்ம் ஒற்றைக் குச்சி போல இருக்கும், முன்பின் அசைவைத் தடுத்துப் பிடிப்பதே ஸ்டெபிலைசர் பார்தான். அந்த வண்டிகளில் பார் புஷ் தளர்ந்தால், மேலே சொன்ன பிரேக் "டக்" அப்படியே வரும். உங்கள் காரில் எந்த அமைப்பு என்று முதலில் குனிந்து பார்த்துவிடுங்கள்.

ஒரு பக்கம் இழுக்கிறது

எப்போது இழுக்கிறது? நேராக, சீரான வேகத்தில் போகும்போது இழுத்தால் ஆர்மை விட்டுவிட்டு டயர் காற்றைப் பாருங்கள். காற்று சரியாக இருந்தால் முன் இரண்டு சக்கரங்களையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய டயராக இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். இழுப்பு திசை மாறினால் டயர்தான் காரணம்.

பிரேக்கில் மட்டும் இழுத்தால் இரண்டு வாய்ப்பு: காலிபர் சிக்கியிருக்கலாம், அல்லது ஒரு பக்க புஷ் போயிருக்கலாம். கொஞ்ச தூரம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு, இரண்டு முன்சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் காலிபர். சூடு சமமாக இருந்தும் இழுத்தால் புஷ்ஷைப் பாருங்கள்.

பிரேக் அழுத்தினால் ஒரு பக்கமும், ஆக்சிலரேட்டரை ஓங்கி அழுத்தினால் மறுபக்கமும் கார் போகிறதென்றால் எனக்கு அதற்கு மேல் பெரிய சந்தேகம் வராது. பிரேக் சக்கரத்தைப் பின்னே தள்ளுகிறது, என்ஜின் முன்னே இழுக்கிறது. தளர்ந்த புஷ் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது, ஒவ்வொரு முறையும் அந்தச் சக்கரத்தின் திசை கொஞ்சம் மாறுகிறது. இந்தக் குணத்தோடு அதிவேகச் சாலையில் போகாதீர்கள். அவசரமாக பிரேக் போடும் நேரத்தில் கார் எந்தப் பக்கம் பாயும் என்று உங்களால் கணிக்க முடியாது.

டயரின் உள் விளிம்பு தேய்கிறது, அலைன்மென்ட் நிற்கவில்லை

சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட் மிஷினில் எல்லாம் பச்சை காட்டும், சில வாரத்தில் ஸ்டீயரிங் மறுபடி கோணலாகிவிடும். அலைன்மென்ட் மிஷின் நின்றிருக்கும் காரை அளக்கிறது. தளர்ந்த புஷ் நிற்கும்போது ஓரிடத்திலும் ஓடும்போது வேறிடத்திலும் இருக்கும். ஆகவே ஆர்ம், டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) எல்லாம் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அலைன்மென்ட் செய்ய வேண்டும்.

டயர் பட்டைகளின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறுதிசையில் ரம்பம் போலக் கையைப் பிடித்தால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) தவறியிருக்கிறது. கம்பி வெளியே தெரியும் அளவு தேய்ந்த டயரில் இப்படித் தடவாதீர்கள், கை கிழியும்.

பெரிய பள்ளத்திலோ நடைபாதை விளிம்பிலோ மோதிய பிறகு ஆரம்பித்ததென்றால் ஆர்ம் வளைந்திருக்கலாம். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து, பழுதில்லாத காரில் இருக்க வேண்டிய அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்திருந்தால் ஆர்ம், நக்கிள், ஸ்ட்ரட், சப்ஃபிரேம் நான்கையும் சோதிக்க வேண்டும். தகடு ஆர்மில் வளைவு இருக்கும் இடத்தில் பெயின்ட் செதிலாக உதிர்ந்து, அங்கே மட்டும் புதுத் துரு படிந்திருக்கும். வளைந்த ஆர்மைத் தட்டியோ சூடேற்றியோ நேராக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அலுமினியம் ஆர்ம் என்றால் பேச்சே வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளே இருக்கும்.

பெரும்பாலான சிறிய கார்களில் முன்பக்கம் திருத்த முடிவது டோ மட்டும்தான். கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) தவறாகக் காட்டினால் அதைத் திருகிச் சரிசெய்ய இடமில்லை, ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

திருப்பும்போது "கீச்", "நர நர"

ரப்பர் கீச்சிடுவதையும் பால் ஜாயின்ட் முனகுவதையும் பிரிக்க வேண்டும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கீச்சிட்டால் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு புஷ்ஷாக நனைத்து, காரின் முன்பக்கத்தை அழுத்தி ஆட்டிப் பாருங்கள். எதை நனைத்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுவே இடம். என்ஜின் ஆயில், டீசல், சாதாரண கிரீஸ் இவற்றை ரப்பர் புஷ்ஷில் பூச வேண்டாம். இரண்டு நாள் அமைதி கிடைக்கும், பிறகு ரப்பர் உப்பிக் கரையும்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது நரநரத்தால் ஒருவர் திருப்ப, இன்னொருவர் பால் ஜாயின்ட் அருகே ஆர்ம் மீது விரலை வைத்துப் பார்க்கலாம். வறண்ட ஜாயின்ட் விரலில் அதிரும். ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே மட்டும் விரலை விடாதீர்கள். ஜாயின்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் உள்ளே தண்ணீரும் மண்ணும் போய்விட்டது. இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் அதன் நாள் எண்ணப்படுகிறது. ஸ்பிரிங் "டொய்ங்" என்று துள்ளினால் அது ஸ்ட்ரட்டின் மேல் பேரிங்.

சக்கரத்தில் ஆட்டம்: இங்கே தள்ளிப்போடாதீர்கள்

மற்ற அறிகுறிகளில் ஒரு வாரம் யோசிக்க நேரம் இருக்கிறது. பால் ஜாயின்டில் ஆட்டம் தெரிந்தால் கார் அங்கேயே நிற்கட்டும். ஜாயின்ட் கழன்றால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்க வேறெதுவும் இல்லை. சக்கரம் மடங்கும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டும் உருவிக்கொள்ளலாம், ஸ்டீயரிங் பயனற்றுப் போகும்.

சோதனை எளிது. சக்கரம் தொங்கும் நிலையில், கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை உள்ளே உட்காரச் சொல்லி பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட், அல்லது ஸ்ட்ரட். ஜாயின்டைத் தனியே உறுதிசெய்ய, ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே கம்பியை வைத்து, உறை கிழியாமல் மேலும் கீழும் நெம்புங்கள். கண்ணுக்குத் தெரியும் இடைவெளி வந்தால் மாற்ற வேண்டும். 3, 9 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் அது டை ராட் எண்ட் அல்லது ஸ்டீயரிங் ரேக்.

80, 100 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினாலோ பிரேக்கில் அதிர்ந்தாலோ முதலில் வீல் பேலன்ஸும் டிஸ்க்கும்தான். தளர்ந்த புஷ் அந்த நடுக்கத்தைப் பெரிதாக்கும், உண்டாக்குவது அரிது.

மாற்றும்போது கெடுத்துவிடாமல் இருக்க

என் காரில் இடது, வலது இரண்டு ஆர்மும் புதிதாகப் போட்டுச் சில மாதங்களிலேயே பழைய "டக்" திரும்பி வந்தது. பொருள் போலி என்றுதான் நினைத்தேன். கழற்றி இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டு முன் புஷ்ஷிலும் கிழிசல் ஒரே இடத்தில், ஒரே சாய்வில், கண்ணாடியில் பார்த்த பிம்பம் போல இருந்தது. மோசமான ரப்பர் இப்படி ஒழுங்காகக் கிழியாது. முறுக்கப்பட்ட ரப்பர்தான் கிழியும். சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தபோதே போல்ட்டுகளை முழுக்க இறுக்கியிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். புஷ்ஷின் உள் குழாயும் வெளி வளையமும் ரப்பரோடு ஒட்டப்பட்டவை. அங்கே எதுவும் வழுக்கிச் சுழலாது, ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கிறது. போல்ட்டை இறுக்கும்போது ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதுவே ரப்பரின் ஓய்வு நிலை. தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ரப்பர் முறுக்கப்பட்டபடியே இருக்கும். ஆகவே எல்லா போல்ட்டையும் கையால் மாட்டி லேசாக மட்டும் இறுக்குங்கள். காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு, வேலை செய்யும் குழியின் மேலோ சாய்வுமேடையிலோ நிறுத்தி, டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். அந்த வசதி இல்லையென்றால், கழற்றும் முன் கார் தரையில் நிற்கும்போதே சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். மறுபடி மாட்டும்போது பால் ஜாயின்ட் அருகே ஆர்மின் கீழ் ஜாக்கி கொடுத்து, அதே அளவு வரும் வரை தூக்கி இறுக்கலாம். ஸ்டாண்ட் அப்போதும் அதன் இடத்திலேயே இருக்க வேண்டும். வேலையை வெளியே கொடுத்தால் இந்த ஒரு கேள்வியை மட்டும் தவறாமல் கேளுங்கள்: "கடைசி இறுக்கு வண்டி தரையில் நிற்கும்போதுதானே?"

புஷ் மட்டும் மாற்றுவதா, ஆர்மோடு மாற்றுவதா? பால் ஜாயின்ட் புதிது போல இருந்து, ஆர்ம் நேராக இருந்து, அழுத்தும் பிரஸ் வசதியும் இருந்தால் புஷ் மட்டும் போதும். இடைவெளி உள்ள பின் புஷ்ஷை அழுத்தும் முன் பழையது எந்தத் திசை நோக்கி இருந்தது என்று ஆர்மில் பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டினால் மென்மை தவறான திசைக்குப் போய்விடும். இரண்டு புஷ்ஷும் ஜாயின்டும் ஒரே வயது என்றால் ஆர்மோடு மாற்றுவதே நல்லது.

பால் ஜாயின்டை நக்கிளிலிருந்து பிரித்ததும் நக்கிளைக் கயிற்றால் ஸ்ட்ரட்டோடு கட்டிவையுங்கள். வெளியே சாய விட்டால் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் கழன்றுகொள்ளும், பிரேக் ஹோஸும் இழுபடும். குறுக்கு போல்ட்டால் பிடிக்கும் வகையில், ஜாயின்ட் தண்டில் ஒரு வளையப் பள்ளம் இருக்கும். தண்டு முழுக்க மேலே போனால்தான் போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியே நுழையும். போல்ட் தானாக நுழையவில்லை என்றால் சுத்தியலால் அடிக்காதீர்கள், தண்டு இன்னும் உட்காரவில்லை. நட் கழலாமல் ஸ்பிளிட் பின் குத்திப் பூட்டும் வகையில் ஓட்டைகள் நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்க வேண்டும், ஒருபோதும் தளர்த்தக் கூடாது. சில கார்களில் ஆர்ம் போல்ட் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத் தக்கது என்று கையேடு சொல்லும். சொன்னால் புதியதே போடுங்கள்.

முடிந்ததும் முதலில் காலியிடத்தில் அதே நடக்கும் வேகச் சோதனையை, முன்னும் பின்னும், செய்து பாருங்கள். அப்புறம் அலைன்மென்ட். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள கார்களில் ஸ்டீயரிங் கோண சென்சாரை மறுபடி பூஜ்ஜியமாக்கச் சொல்லி கையேடு கேட்கலாம், அதையும் அலைன்மென்ட் இடத்திலேயே முடித்துவிடுங்கள். ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் அது உட்கார்ந்திருக்கும் பரப்பு வரை வெள்ளை பெயின்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு குனிந்து பார்க்கும்போது கோடு உடையாமல் நேராக இருந்தால் போல்ட் நகரவில்லை.